மாமனார் மண்டையும் என் ஏர்பேக் வண்டியும்

பொறாமைப்படாத சகலையை நான் இதுவரை பார்த்ததில்லை. அண்ணன் தம்பிக்குள் பொறாமை வந்தால் பெற்ற தாய் நடுவில் புகுந்து சமாதானம் செய்வாள். சகலைகளுக்குள் வந்தால் அக்கா தங்கை இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஊதிவிடுவார்கள். (என் மனைவி ஸ்டெல்லா ராசிபலன் தவிர வேறு எதையும் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

என் சகலை பெயர் ராபட். ஸ்டெல்லாவின் தங்கையைக் கட்டியவன். கப்பலில் சமையல்காரன். பாதி வருடம் நடுக்கடலில் வெங்காயம் உரிப்பான், மீதி வருடம் ராயபுரத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவான். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் மாமனாருக்கு சென்ட் பாட்டில், மாமியாருக்குப் பூப்போட்ட பீங்கான் தட்டு, எனக்கு ஒரு கீ செயின். கீ செயினாகச் சேர்ந்துகொண்டே போனது, மாட்டுவதற்குத்தான் சாவி இல்லை.

நான் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வருடம் முழுக்க ஊரில் கிடக்கிற மூத்த மாப்பிள்ளை. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, சிலிண்டருக்கு அலைவது, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவது எல்லாம் நான். ஆனால் நான் அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததும் மாமனார் கேட்கிற முதல் கேள்வி, "இன்னா மாப்ளே, ராபட்டு போன் பண்ணானா?"

செல்போனில் இன்னும் பட்டன் இருந்த காலம் அது. ஒரு லீவில் வந்த ராபட், பளபளவென்று ஒரு புதுக் கார் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். தெருவே திரண்டது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அது போதாதென்று மாமியார் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அந்த எலுமிச்சம்பழப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே எரிந்தது. மெடிக்கல் ஷாப்பில் ஜெலுசில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்.

கார் வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசி மச்சினி ரோஸிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்தில் பெரிய கௌரவம் பெண் வருகிற காரை ஓட்டுவதுதான். மாதா கோயில் வாசலில் அந்தக் கார் வந்து நின்றதும் பேண்டு வாசிக்க ஆரம்பிப்பார்கள். ஓட்டி வந்தவன் கோட்டு சூட்டோடு இறங்கிச் சுற்றி வந்து பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுவான். கல்யாண வீடியோவில் பெண்ணுக்கு முன்னால் விழுவது அவன் முகம். மூத்த மாப்பிள்ளை நான் இருக்க, அந்த இடத்தில் ஒரு வெங்காயம் உரிப்பவன் முகம் விழுவதா?

யானைக்கவுனியில் ஒரு புரோக்கரைப் பிடித்தேன். எண்ணூர் பக்கம் ஏதோ பிளான்ட் கட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஓட்டிவிட்டு விற்றுவிட்டுப் போன வண்டி என்று ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டு எஸ்.யூ.வி. யானைக் குட்டி உயரம். சாவியைத் திருகியதும் டாஷ்போர்டில் பல விளக்குகள் எரிந்து அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் அவன் எதிரே ஒரு பந்து இருக்கிற மாதிரியும் சிவப்பாக ஒரு படம்.

"இது இன்னாபா?"

"ஏர்பேக் லைட்டு சார். வண்டி எங்கயாவது மோதுச்சின்னா பலூன் மாரி ஒண்ணு வெளிய வந்து ஆளைத் தாங்கிக்கும்."

"அப்ப, லைட்டு எரியுதுன்னா பலூன் ரெடியா கீதுன்னு அர்த்தம்."

புரோக்கர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சாருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல," என்றார். (அவர் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.) எங்கள் ஏரியாவில் தினம் கரண்ட் போகும். விளக்கு எரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, அணைந்தால் பிரச்சினை. அந்தக் கணக்கில் வளர்ந்தவன் நான். ஸ்டெல்லாவின் வளையல்கள் கைமாறின, வண்டி என்னுடையது ஆனது.

சீட்டெல்லாம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது பிடிக்காமல், மெரூன் கலர் வெல்வெட்டில் சரிகை வைத்து கவர் தைக்கக் கொடுத்தேன். தலை சாய்க்கிற ஹெட்ரெஸ்டில் கவர் மாட்டும்போது தையல்காரர், "உள்ள இன்னமோ டக்டக்குனு ஆடுது சார்," என்றார். "இழுத்துக் கட்டுபா, ஆடாது," என்றேன். இப்போது உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பின்னாலிருந்து யாராவது மோதினால் அந்த ஹெட்ரெஸ்டின் முன்பாதி ஸ்பிரிங் விசையில் முன்னால் பாய்ந்து வந்து, உட்கார்ந்திருப்பவர் கழுத்து ஒடியாமல் தாங்கும். ரொம்ப நல்ல ஏற்பாடுதான். அந்த ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி, முன் சீட்டு இரண்டிலுமே, உள்ளே விரிசல் விட்டிருந்தது என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

வண்டியை மாமனார் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ராபட்டைக் கூப்பிட்டேன். அந்தச் சிவப்பு விளக்கைத் தொட்டுக் காட்டினேன்.

"உன் வண்டில இந்த லைட்டு எரியுதா, ராபட்டு?"

அவன் குனிந்து பார்த்தான். "என் வண்டில அந்த லைட்டே இல்லண்ணே."

"எப்டி இருக்கும்? இது உயிரைக் காப்பாத்தற லைட்டு. பொண்ணை ஏத்திகினு போறோம்னா பாதுகாப்பு வேணுமில்ல?"

அவன் முகம் சின்னதாகிப் போனது. அன்றைக்கு மாமியார் வைத்த வஞ்சிரக் குழம்பில் நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஜெலுசில் தேவைப்படவில்லை.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "ட்ரையல் பாக்காம நான் எந்த லோடையும் தூக்கனதில்ல. ரெண்டு வண்டிலயும் ஏறிட்டு வந்து சொல்றேன், பொண்ணு எதுல போவணும்னு," என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ட்ரையல். முதலில் ராபட் கார். திருவொற்றியூர் வரை போய்த் திரும்பி வந்து இறங்கிய மாமனார், "ஏசி ஜம்முனு கீது," என்றார். எனக்கு மறுபடியும் வயிறு பற்றிக்கொண்டது.

அடுத்தது என் வண்டி. எண்ணூர் சாலையில் கடலோரமாக விட்டேன். முன் சீட்டில் என் பக்கத்தில் மாமனார், வாயில் பெப்பர்மின்ட். பின் சீட்டில் ஸ்டெல்லா, நடுவில் ரோஸி, மாமனாருக்கு நேர் பின்னால் ராபட். அவனை மரியாதைக்காக ஏற்றிக்கொண்டதாக எல்லோரிடமும் சொன்னேன். தோற்பதை அவன் நேரில் பார்க்கட்டும் என்பதுதான் விஷயம்.

கண்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி அந்தச் சாலையில் பள்ளமும் மேடுமாக இருக்கும். ஒரு பள்ளத்தில் முன் டயர் இறங்கி ஏறியது. "பட்" என்று ஒரு சத்தம். மாமனார் தலை முன்னால் போய் வந்தது. வாயிலிருந்த பெப்பர்மின்ட் பறந்துபோய்க் கண்ணாடியில் அடித்தது.

மாமனார் பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார். கிரேன் லீவரைப் பிடித்து உரமேறிய கை அது. ராபட் கன்னத்தில் "பளார்" என்று ஒன்று வைத்தார்.

"மாமா! நான் இன்னா பண்ணேன்? கையக் கட்டிகினு குந்திகினு கீறேன்!"

"அப்ப மாதா வந்து அட்ச்சாளா? எனக்குப் பின்னாடி நீதானே குந்திகினு கீறே?"

"ராபட்டு மாமா ஒண்ணும் பண்ணலப்பா," என்று ரோஸி அழ ஆரம்பித்தாள். "இன்னாத்துக்குப்பா அவரை அட்ச்சே?" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எனக்கே பிடிபடாத ஒரு சாந்தத்தோடு திரும்பிப் பார்த்தேன். "ராபட்டு, பெரியவர் மண்டையில தட்டறதெல்லாம் வெளையாட்டா? மன்னிப்பு கேட்டுக்கோ." நானும் அவன்தான் அடித்தான் என்று நம்பினேன். நம்புவதற்கு அவ்வளவு சுகமாக இருந்தது. ஹெட்ரெஸ்ட் துருத்திக்கொண்டிருந்ததை என் வெல்வெட் கவர் அழகாக மூடி மறைத்துவிட்டது.

ராபட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கி, அறைந்து சாத்திவிட்டு, அலை அடிக்காமல் கொட்டி வைத்திருக்கிற கருங்கல் பக்கமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மாமனார் மூச்சு வாங்கினார். "வண்டிய எட்ரா மாப்ளே. பொண்ணு உன் வண்டிலதான் வர்றா."

அந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். என் காதில் பேண்டு சத்தம் கேட்டது. கோட்டு சூட்டில் என் முகம் வீடியோவில் தெரிந்தது. கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டு, மகாராஜா மாதிரி தலையைப் பின்னால் சாய்த்தேன்.

"பட்."

என் மண்டையில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. மூக்கு ஸ்டியரிங்கில் போய் மோதியது. கிளட்ச்சிலிருந்து கால் நழுவ, இன்னொரு கால் ஆக்ஸிலேட்டரை அமுக்க, வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது. எங்கே பாய்ந்தது என்கிறீர்கள்? நேராக ராபட் நின்ற இடத்துக்கு.

"அய்யய்யோ, என் தங்கச்சி புருசனைக் கொல்லாதய்யா!" என்று ஸ்டெல்லா அலறினாள். (நான் எவ்வளவு பொறாமைக்காரன் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்.) சத்தம் கேட்டுத் திரும்பிய ராபட் ஒரே தாவலில் கல் மேல் ஏறிவிட்டான். வண்டி கருங்கல்லில் போய் "டமார்" என்று மோதி நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டு பலூனுக்காகக் காத்திருந்தேன். அலைச் சத்தம் கேட்டது. லாரி ஹாரன் கேட்டது. பலூனைக் காணோம். மெல்லக் கண்ணைத் திறந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

"எங்க நைனா பலூனு?" என்றார் மாமனார்.

"வரும் மாமா," என்றேன்.

கல்லிலிருந்து குதித்து ஓடி வந்தவன் ராபட். முதலில் மாமனாரை இறக்கினான், பிறகு பெண்களை, கடைசியில் என்னை. தன் கைக்குட்டையை எடுத்து என் மூக்கில் வைத்து அமுக்கினான். நல்ல சென்ட் வாசனை வந்தது. அந்த நிலைமையிலும் அது என்ன சென்ட் என்று கேட்கத் தோன்றியது. பிறகு வண்டிக்குள் குனிந்து என் சீட்டின் வெல்வெட் கவரைப் பிய்த்தான். ஹெட்ரெஸ்ட் வாயைப் பிளந்துகொண்டு முன்னால் நீட்டியிருந்தது. மாமனார் சீட்டின் கவரையும் பிய்த்தான். அங்கேயும் அப்படியே.

"மாமா, உங்களை அட்ச்சது இதுதான்."

மாமனார் அந்த ஹெட்ரெஸ்டைப் பார்த்தார். ராபட் கன்னத்தில் தன் விரல் பதிந்திருந்ததைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்னொரு "பட்" வாங்கியிருக்கலாம். பிறகு ராபட்டின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் ஓவென்று அழுதார்.

மறுநாள் புரோக்கருக்கு போன் போட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், அந்த லைட்டு எரிஞ்சிகினே இருந்தா ஏர்பேக் வேலை செய்யலன்னு அர்த்தம். நீங்களா ஒரு அர்த்தம் சொல்லி சந்தோஷப்பட்டீங்க. நல்ல நேரத்துல நான் எதுக்கு சார் அதைக் கெடுக்கணும்?" அவ்வளவு நாளும் பழுதான பலூனின் அபாய விளக்கைத்தான் நான் ஊரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ராபட் வண்டியில் அந்த விளக்கு இல்லை என்று வேறு ஏளனம் செய்திருந்தேன்.

ரோஸியின் கல்யாணத்துக்குக் காரை ராபட் ஓட்டினான். பேண்டு வாசித்தார்கள். அவன் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டான். கோட்டு சூட்டு பொருத்தமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வீடியோவில் நானும் இருக்கிறேன். மூக்கில் பெரிய பிளாஸ்திரியோடு, ஓரமாக, ரோஜா இதழ்த் தட்டைப் பிடித்துக்கொண்டு. கேமரா என் மேல் வந்ததும் கேமராக்காரன் சட்டென்று திருப்பிவிட்டான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாருக்கு எங்கே இடித்தாலும், குழந்தை கட்டிலில் முட்டிக்கொண்டாலும், பரணிலிருந்து டப்பா விழுந்தாலும், மாமனார் குரல் கொடுப்பார்: "யார்ரா அட்ச்சது?" மொத்தக் குடும்பமும் சேர்ந்து, "ராபட்டு!" என்று கத்தும். ராபட் இருந்தால் எழுந்து நின்று கும்பிடு போடுவான். சிரிப்பு அடங்கவே நேரமாகும். கல்யாண வீடுகளில் சம்பந்திக்காரர்கள்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரோஸியின் மாமியார் வீட்டில் அவனைக் காட்டி, "அந்த ராபட்டு நீங்கதானா?" என்று கை குலுக்குகிறார்கள்.

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுக்கப் போய் நானே நிலைப்படியில் மண்டையை இடித்துக்கொண்டேன். பொறி கலங்கிப் போய் உட்கார்ந்தேன். நான் பெற்ற மகள் ஓடி வந்தாள். அப்பா என்ன ஆச்சு என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குள் திரும்பி, "ராபட்டு சித்தப்பா!" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, சிங்கப்பூர் பக்கம் கப்பலில் இருந்தான்.

வண்டி என்னுடையது, வளையல் என் பெண்டாட்டியுடையது, உடைந்த மூக்கு என்னுடையது. பேர் மட்டும் அவனுக்கு.