ஆள் கட்டை வைக்காத ஊர்

கரவனெல்லைக்கு மேலே, வேலங்கந்தை ரப்பர் தோட்டத்தில், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் வருஷத்து வைகாசி மழையில் கூலியாட்களின் வரிசை வீடான ஐந்தாம் லயம் இடிந்து விழுந்தது. அதில் இருந்த பதினெட்டுக் குடும்பங்களும் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டன. தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று பெர்சிவல் துரை அறிவித்தார். எடுத்தும் விட்டார். சீமையிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியை வரவழைத்தார்.

துரைமார் கிளப்பில் அப்போது அந்த ஆட்டம்தான் பேச்சு. பச்சைப் பலகையில் கட்டங்கள். மரத்தில் செய்த வீடு, கிணறு, பூந்தோட்டம், மாடு, ஆள். ஒவ்வொன்றாக வைத்து ஊரைக் கட்ட வேண்டும். அதிகப் புள்ளி பெறும் ஊர் வெல்லும். அந்த வருஷம் கட்டும் புதிய லயங்களுக்கும் இதே விதிப்படி புள்ளியிட்டு, வென்ற தோட்டத்துக்கு வெள்ளிக் கோப்பை வழங்குவதென்று கிளப் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

துரைக்கு ஆட்டம் பிடிபடவில்லை. கிளாக்கர் மக்கீனுக்குப் பிடிபட்டது. அவர் மாவனல்லைக்காரர், எந்த விதியிலும் எது எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கிறவர். மூன்று நாள் ஆபீஸ் வேலையை ஒதுக்கிவைத்து விதிப் புத்தகத்தைப் படித்து, துரைக்கு யோசனை சொன்னார்.

"கிணத்தை வீட்டுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாதுங்க துரை. பூந்தோட்டத்துக்குப் பக்கத்துல வைச்சா ரெண்டு புள்ளி. வாசல் மலையைப் பார்த்தா மூணு. ரோட்டைப் பார்த்தா ஒண்ணுமில்லை. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "ஆள் கட்டையை வைக்கவே வேணாம்."

"ஏன்?"

"ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி கழியுது. சத்தம், குப்பைன்னு போட்டிருக்கு. ஆளை வைச்சே தீரணும்னு எங்கேயும் போடல்லை."

துரை எழுந்து அவர் கையைக் குலுக்கினார். அன்று முழுவதும் மக்கீன் அந்தக் கையால் பேனா பிடிக்கவில்லை.

மூன்று மாதத்தில் பதினெட்டு வெள்ளை வீடுகள் எழுந்தன. பூந்தோட்டம் பூத்தது. கதவுகள் பூட்டியிருந்தன.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வெள்ளையம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஐந்தாம் லயத்துக்காரி.

"கிளாக்கரய்யா, வீடுதான் முடிஞ்சிருச்சே. எப்பங்க குடிபோறது?"

"குடிபோனா எண்பத்திரண்டு ஆளுக்கு எண்பத்திரண்டு புள்ளி போயிடும்."

"என்னாங்க போயிடும்?"

"புள்ளி."

"எம்மக பொகையில இருமி இருமிச் சுருண்டு கெடக்கா. உங்க புள்ளி இருமுங்களா?"

அன்று காலைதான் மக்கீன் மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு புகைக்கூடத்தைத் தாண்டி வந்திருந்தார். பலகையை எடுத்து விதிகளை விளக்கினார். வெள்ளையம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாட்டுக் கட்டையைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கு எவ்வளவுங்க கழியுது?"

"மாட்டுக்குக் கழியாது. வீட்டை ஒட்டி நின்னா ஒரு புள்ளி கூடும்."

"அப்ப எங்கள மாடுன்னு எழுதிக்குங்க."

"விளையாடாதே வெள்ளையம்மா."

"மூணு மாசமா விளையாடுறது நீங்கதானுங்களே."

மக்கீன் புத்தகத்தை மூன்று தரம் புரட்டினார். மாட்டுக்கு எத்தனை கால் என்று எங்கேயும் எழுதவில்லை. அவர் முகம் மலர்ந்தது. 'மேற்படி எண்பத்திரண்டு மாடுகளையும் புதிய வீடுகளில் கட்ட அனுமதி கோரப்படுகிறது' என்று எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கினார். அன்று மாலையே புகைக்கூடம் காலியானது.

கமிட்டி வந்தது. வெள்ளையம்மா வாசலில் பலாக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"இது யார்?" என்றார் தலைவர்.

"மாடுங்க," என்றார் மக்கீன்.

"சலாமுங்க தொரை," என்றாள் வெள்ளையம்மா.

"பேசுகிறதே!"

"பேசுற மாட்டுக்குப் புள்ளி கழியும்னு விதி இல்லைங்க," என்றார் மக்கீன்.

தலைவர் புத்தகத்தைப் பார்த்தார். இல்லைதான். எண்பத்திரண்டு புள்ளி கூடியது. கோப்பை வேலங்கந்தைக்கு வந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மாடு என்று பதிந்தால் கேகாலையிலிருந்து மாட்டு வைத்தியர் மாதம் தவறாமல் வருவார். வந்தார். கட்டும் இடத்துக்கு அருகே நல்ல தண்ணீர் வேண்டும், புகை ஆகாது, கொட்டும் மழையில் வெளியே விடக் கூடாது என்று எழுதிவைத்துப் போனார். வெள்ளையம்மா மகளுக்கு இருமல் நின்றது. வீட்டுப் பக்கம் இன்னொரு கிணறு வெட்டப்பட்டது.

மறுவாரம் மற்ற நான்கு லயங்களும் மனுவோடு வந்தன, தங்களையும் மாடாக்கும்படி. மக்கீன் சந்தோஷமாகப் பதிந்தார். கடைசியில் தோட்டத்தில் மிஞ்சிய ஆட்கள் இரண்டே பேர்.

"ரெண்டு புள்ளி கழியுதே," என்று துரை கவலைப்பட்டார். அடுத்த வருஷமும் கோப்பை வேண்டும். யோசித்துவிட்டு, தம் பெயரைக் காளை என்று பதியச் சொன்னார். மக்கீன் தம் பெயரை அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், பதிந்துகொண்டார்.

கமிட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அறுநூற்று நாற்பது மாடுகள்! நாளொன்றுக்குப் பால் எவ்வளவு என்று கடிதம் வந்தது. பொய்யான தகவல் தருவது குற்றம் என்பது மக்கீனுக்குத் தெரியும். ரப்பர் பால் வாளியோடு மலையிறங்கி வந்த வெள்ளையம்மாவைக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாளி எடுக்கிறே?"

"ரெண்டுங்க."

அதன்படி பெருக்கி எழுதி அனுப்பினார். கமிட்டியார் மிகவும் பாராட்டி, தங்கள் தேநீர் விருந்துக்குப் பத்து காலன் பால் அனுப்பும்படி உத்தரவிட்டார்கள். உத்தரவு உத்தரவுதான். அன்று வெட்டிய ரப்பர் பால், அன்றே போனது.

விருந்துக்குப் பிறகு கமிட்டியார் யாரும் வாய் திறந்ததாகத் தகவல் இல்லை.