சடையாண்டியைத் தேடப் போன சடையாண்டி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. காரணம் கேட்க வேண்டாம். முள்.

பெயர் சடையாண்டி. வயதானவர். அதனால் இனிமேல் 'அவர்' என்றே சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். எதற்கும் கோபித்துக்கொள்வார். காட்டில் யார் எதிரே வந்தாலும் நாலடி தள்ளி நின்று "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நடையைக் கட்டிவிடுவார்கள். முள் பாதிக் காரணம். மீதி, அவர் சொல்லும் பதில்.

அவரை ஒட்டி உட்கார்ந்த ஒரே பிராணி ஆமை பொன்னுரங்கம். ஓடு இருக்கிறதே, என்ன பயம்? இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தினமும் மதியம் பாறையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். பொன்னுரங்கம் ஒரு காயை நகர்த்துவதற்குள் நிழல் பாறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். ஒருநாள் சடையாண்டியால் பொறுக்க முடியவில்லை. காய்களையெல்லாம் வாலால் தட்டிவிட்டார்.

"நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்த ஆட்டுக்கெல்லாம் வயசாகிச் செத்துடும்டா!"

பொன்னுரங்கம் தலையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். மெதுவாக வெளியே நீட்டினார்.

"இனிமே நீயாக் கூப்பிட்டாத்தான் வருவேன்."

சொல்லிவிட்டுப் போனார். அவர் கண்ணுக்கு மறையவே சாயங்காலம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் சடையாண்டி பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கௌரவம் என்ன ஆவது?

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. யாராவது தன்னைத் தேடிக்கொண்டு வரவேண்டும். அதை வாய்விட்டுச் சொல்வாரா? வளை வாசலில் நின்று, "சே, இந்தக் காட்டுல மனுஷனை நிம்மதியா இருக்க விடமாட்டேங்கிறானுங்க" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் வந்து தொந்தரவு செய்யவில்லை.

கடைசியில் குரங்கு சித்திரவேலின் கடைக்குப் போனார். இயந்திரப் பிராணிகள் விற்கிற கடை. காட்டில் இப்போது அதுதான் மோஸ்தர். மான் ஒரு தகரப் புலி வாங்கிச் சங்கிலியில் கட்டி, "உட்காரு, எழுந்திரு" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தது. நரி மருதப்பன் ஒரு கோழி வைத்திருந்தது. கூப்பிட்டால் ஓடிவரும் கோழி. தின்னத்தான் முடியாது. நரி அதைப் பார்த்து அடிக்கடி பெருமூச்சு விடும்.

"வாங்க பெரியவரே. முள்ளைக் கொஞ்சம் மடக்கிக்கிட்டு வாங்க. போன தடவை வாசல் திரையைக் கிழிச்சுட்டுப் போயிட்டீங்க."

"எனக்கு ஒண்ணு வேணும். பக்கத்துல உக்காரணும். பேசக் கூடாது."

"நாய்க்குட்டி எடுத்துக்குங்க. தகரம், முள்ளு ஏறாது." குரங்கு சடையாண்டியின் முகத்தைக் குட்டிக்குக் காட்டிப் பதிந்து கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டரையும் எடுத்து வைத்தது. "சாப்ட்வேர் போட்டிருக்கேன். குட்டி எங்க இருக்கு, என்ன பாக்குது, என்ன நினைக்குது, எல்லாம் இதுல வரும். திரையில இருக்குற இந்தக் கோட்டை இழுத்தா குறும்பு கூடும். இதை இழுத்தா பாசம் கூடும். ஆனா ஒண்ணு, முகத்தைப் பாத்துத்தான் உங்களைக் கண்டுபிடிக்கும். அதனால நெத்தியில..."

"தெரியும் தெரியும்."

"இல்ல பெரியவரே, அந்த நெத்தியில இருக்குற..."

"நான் பாக்காத நாய்க்குட்டியா? கட்டுடா சீக்கிரம்."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் கேட்டது: "உங்கள் செல்லத்தின் பெயர் என்ன?"

"டேய், உனக்கெதுக்குடா அதெல்லாம்?"

"டேய். பெயர் பதிவு செய்யப்பட்டது."

அதற்கப்புறம் பக்கம் பக்கமாக எதையோ படிக்கச் சொன்னது. சடையாண்டி படிக்கவில்லை. 'சரி' என்று எங்கே இருந்ததோ அங்கே அழுத்தினார். வந்த இடத்திலெல்லாம் அழுத்தினார்.

புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் பூசை போடாமல் ஓட்டலாமா? சடையாண்டிக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்கிற கட்சி. சந்தனம் அரைத்தார். குட்டிக்குக் காலுக்குப் பதில் சக்கரம்; முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். குட்டியின் நடு நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, தள்ளி நின்று ரசித்தார்.

கீழே வரைந்திருந்த இரண்டு கண்ணும் சும்மா அழகுக்கு. நிஜக் கண் நெற்றியில்தான் இருந்தது. குரங்கு சொல்ல வந்தது அதைத்தான்.

குட்டியைக் கிளப்பினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அது வளை முழுக்க ஒரு சுற்று சுற்றியது. கம்ப்யூட்டர் திரையில் ஒரே மஞ்சள். நடுவில் சிவப்பு. கீழே எழுத்து: "உரிமையாளர் தென்படவில்லை."

"இதோ இருக்கேன்டா."

"உரிமையாளரின் குரல் கேட்கிறது. உரிமையாளர் தென்படவில்லை."

சடையாண்டி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருந்தது. உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தது கிளி.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்."

"முக்கியம்னா பேசுடி."

"அணைத்துவிட்டு மறுபடி போடவும். அணைத்துவிட்டு மறுபடி போடவும்."

போட்டார். மறுபடி மஞ்சள். எரிச்சலில் பாசக் கோட்டைப் பிடித்துக் கடைசிவரைக்கும் இழுத்துவிட்டார்.

அவ்வளவுதான். குட்டிக்கு வெறி வந்துவிட்டது. முனகிக்கொண்டே பானையில் முட்டியது, சுவரில் முட்டியது, சடையாண்டியின் காலிலேயே வந்து முட்டி, விலகி, வேறு பக்கம் தேடப் போனது. திரையில் வந்தது: "டேய் உங்களை மிகவும் தேடுகிறது."

சடையாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். 'மிகவும்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். குட்டியைத் தூக்கி மடியில் வைத்திருந்தால் அப்போதே பொட்டு கண்ணில் பட்டிருக்கும். அவர் குட்டியைப் பார்க்கவில்லை. குட்டி தன்னைத் தேடுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவில் திரை ஏதோ கேட்டு மறைத்தது. பார்க்கிற காட்சியை மறைத்தால் கோபம் வராதா? 'சரி' அழுத்தினார்.

அது கேட்டது இது: "உரிமையாளரைக் காணவில்லை என்று காடு முழுவதும் அறிவிக்கலாமா?"

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே கூட்டம். சடையாண்டி உள்ளே இருட்டில் இருந்தார். யார்றா அது என்று கத்த வாயைத் திறந்தவர், நரியின் குரல் கேட்டு மூடிக்கொண்டார்.

"எவ்வளவு தங்கமான ஆளு," என்றது நரி. "பழகறதுக்கு அவ்வளவு இனிமை."

"நீங்க பழகியிருக்கீங்களா?" என்றது மான்.

"தூரத்துல இருந்து."

சடையாண்டி இருட்டிலேயே ஓரடி முன்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் கேட்கலாமென்று காதைத் தீட்டினார்.

"கோபம் இருக்குற இடத்துலதான் குணம் இருக்கும்பாங்க," என்றது குரங்கு.

"குணத்தைப் பாத்தீங்களா?"

"அதுக்குள்ளதான் காணாமப் போயிட்டாரே."

"அது கிடக்கட்டும்," என்றது நரி, "இந்த வளை மழைக்குக்கூட ஒழுகாதாமே? யாருக்கும் வேணாம்னா நான்..."

சடையாண்டி முள்ளெல்லாம் சிலிர்க்க வெளியே பாய்ந்தார்.

"மருதப்பா! நான் இங்கதான்யா இருக்கேன்!"

கூட்டம் வழக்கம்போல நாலடி பின்வாங்கியது. நரி அவரைப் பார்த்தது. கையிலிருந்த செல்போனைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது.

"அண்ணே, இதுல உங்களைக் காணோம்னு இருக்கே?"

"கண்ணால பாருய்யா!"

"பாக்குறேண்ணே. நீங்கதான். நான் இல்லேங்கல. ஆனா இதுல 'கிடைத்துவிட்டார்'னு வராம எப்படிக் கலைஞ்சு போறது? தேடுற குழுவுக்குப் பொங்கல் வேற சொல்லியாச்சு."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"தேடணும்."

"யாரை?"

"உங்களைத்தான். நீங்க சும்மாதானே இருக்கீங்க, கூட வாங்களேன். உங்களைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

முட்டாள்தனமாக இருந்தது. போனார்.

குட்டி முன்னால் முட்டிக்கொண்டும் மோதிக்கொண்டும் போனது. பின்னால் எல்லாரும். ஒற்றையடிப் பாதை. நாலடி தள்ளி நடக்க இடமில்லை. மான் அவர் பக்கத்தில் வந்தது, அவ்வளவு பக்கத்தில்.

"அவர் வழக்கமா எங்க போவாருன்னு தெரியுமா?" என்று மரியாதையாகக் கேட்டது.

"எங்கயும் போகமாட்டான். யார் வீட்டுக்குன்னு போவான்?"

"பாவம்."

"என்ன பாவம்? வாய்க்கொழுப்பு. இருந்த ஒருத்தனையும் விரட்டிட்டான்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. காணாமப் போனவரைப் பத்தி."

எல்லாரும் "சடையாண்டி! சடையாண்டி!" என்று கூப்பிட்டார்கள். சடையாண்டியும் கூப்பிட்டார். முதலில் கூச்சத்தோடு, அப்புறம் அடிவயிற்றிலிருந்து. இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. 'என்ன?' என்று வாய்தவறிக் கேட்டுவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டார். நடுவில் பொங்கல் வந்தது. அவருக்கு மட்டும் முந்திரி அதிகமாக விழுந்தது. தேடுவதில் அக்கறை காட்டினாராம்.

ஓடைக்கரையில் எதிரே ஒரு கல் நகர்ந்து வந்தது. பொன்னுரங்கம்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றார் சடையாண்டி.

"உன்னைத் தேடித்தான். கிளி கத்திக்கிட்டே போச்சு, உன்னைக் காணோம்னு. கேட்டவுடனே கிளம்பிட்டேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஓடையைத் தாண்டிட்டேன் பாரு."

"நான் கூப்பிடலயே?"

"காணாமப் போனவன் எப்படிடா கூப்பிடுவான்?"

அதற்குள் குட்டி வந்து பொன்னுரங்கத்தின் மூக்கில் முட்டியது. இரண்டும் ஒரே உயரம். ஆமை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருடைய கொஞ்ச நேரம்.

"ஏன்டா கூறுகெட்டவனே, கண்ணுலயா பொட்டு வைப்பாங்க?"

காலால் துடைத்தார். குட்டி தலையைத் தூக்கியது. எல்லாச் செல்போனும் ஒரே நேரத்தில் மணியடித்தன: "உரிமையாளர் கிடைத்துவிட்டார்."

எல்லாரும் கைதட்டினார்கள். நரி அவரைக் கட்டிப்பிடிக்க வந்து, முள்ளைப் பார்த்து, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. உடனே கூட்டம் கலைந்தது. "சௌக்கியமா?" என்று நாலடி தள்ளி நின்று கேட்டுவிட்டு மான் போய்விட்டது. குட்டி சடையாண்டியை ஒருமுறை முகர்ந்தது. வந்த வேலை முடிந்தது என்பதுபோலத் திரும்பி, சார்ஜ் ஏற்றிக்கொள்ள வீட்டைப் பார்த்து உருண்டு போனது.

"கிடைச்சுட்ட. அப்ப நானும் வரேன்," என்றார் பொன்னுரங்கம்.

"இனி எப்ப வருவ?"

"நீ கூப்பிட்டா. இல்ல, மறுபடி காணாமப் போனா."

கூப்பிடுவது சுலபமா, காணாமல் போவது சுலபமா? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார் சடையாண்டி. கௌரவம் உள்ளவருக்கு எது சுலபமோ அதையே செய்வதென்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை சந்தனக்கட்டையை எடுத்தார். போன தடவை இளக்கமாகப் போய்விட்டது, ஆமைக்காலுக்கே அழிந்துவிட்டது. இந்த முறை நிதானமாக அரைத்தார். வழித்துப் பார்த்து, போதாதென்று மறுபடி அரைத்தார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காரியத்தைப் பொறுமையாகச் செய்தார். கெட்டியாக அப்பினார். பாசக் கோட்டைக் கடைசிவரை இழுத்தார். திரை கேட்டதற்கு, இந்த முறை முழுக்கப் படித்துவிட்டு, 'சரி' அழுத்தினார்.

வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். யாரும் வரவில்லை.

மதியம் ஆயிற்று. உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"என்னடி, நான் காணாமப் போனது யாருக்கும் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்றது கிளி. "நரியைக் காணவில்லை. மானைக் காணவில்லை. குரங்கைக் காணவில்லை. கரடியைக் காணவில்லை. எல்லார் வீட்டு இயந்திரத்துக்கும் பொட்டு, எல்லார் வீட்டு இயந்திரத்துக்கும் பொட்டு."

நேற்று நடந்த கூத்தை எல்லாரும்தானே பார்த்தார்கள். முந்திரியையும் பார்த்தார்கள். விடியற்காலையிலேயே கிடைத்த சந்தனத்தைக் கரைத்துத் தடவிவிட்டு, அவரவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தேடி வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"பொன்னுரங்கம்? அவன் கிளம்பிட்டானா?"

"கிளம்பிவிட்டார், கிளம்பிவிட்டார். வரிசைப்படி வருகிறார். முதலில் நரி வீடு. நீங்கள் வரிசையில் கடைசி. தயவுசெய்து காத்திருக்கவும்."

சடையாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆமை நடை. காட்டில் இத்தனை வீடு. மழைக்காலம் பிடித்துவிடும்.

குட்டி முனகிக்கொண்டே வந்து அவர் காலில் முட்டியது. காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார். அது தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

நீதி: பொறுமை கடலினும் பெரிது என்பார்கள், கடலில் விழுந்தவனை யார் தேடுகிறார்கள்? காணாமல் போவதாக இருந்தால் முதல் ஆளாகப் போ. நண்பன் ஆமையாக இருந்தால், போன வருஷமே போயிருக்க வேண்டும்.