சோற்று நேரத்தில் இளைத்த ஷாஃப்ட்

துணி துவைக்கும் பெரிய இயந்திரம் மறுபடியும் உறுமத் தொடங்கியபோது, மெக்கானிக் தம்பிக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

கழற்றிப் பார்த்தான். டிரம்மைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்து செந்தூள் படிந்திருந்தது. புதிதாகப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் போட்டதும் இப்படித்தான் போனது.

வீட்டை ஒட்டிய அந்தச் சலவைக்கடை அக்கா புருஷனுடையது. வேலை, சாப்பாடு, மாடியறை எல்லாம் அவர் தயவு.

"மாப்ளே, இன்னொரு தடவை மெஷின் நின்னா வெளியாளைக் கூப்பிட்டுடுவேன். மாடி ரூமும் அவனுக்குத்தான்" என்றார், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே. கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பெல்ட்தான் தொய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டிப் பெல்ட்டை இழுத்து முறுக்கினான். பேரிங் அடுப்பாய்க் கொதித்தது. சூடு தணியட்டும் என்று கிரீஸை அள்ளி அப்பினான். சூடு ஏறியதோடு, கிரீஸும் உருகி விடுதிக்காரர் துவைக்கக் கொடுத்திருந்த வெள்ளை விரிப்புகளில் வழிந்தது. அவற்றை மறுபடி துவைக்க இயந்திரத்தை இரட்டை வேலை வாங்கியதில் ஷாஃப்ட் கிழவன் பல்லாய் ஆடியது.

கடைசியில் பழி, ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுக்கும் லேத்காரர் தலையில் விழுந்தது. அளவு குறைத்துக் கடைகிறார் என்று அவன் சண்டைக்குப் போக, அவர் புது ஷாஃப்ட்டைக் கடைந்து, கண்ணெதிரிலேயே மைக்ரோமீட்டரில் அளந்து காட்டினார். அச்சு அசலாக இருந்தது.

"பேரிங் இதைக் கவ்விப் பிடிக்கணும் தம்பி. மயிரிழை குறைஞ்சாலும் பிடி விட்டுடும், ஷாஃப்ட் உள்ளேயே வழுக்கித் தேயும். கையால தள்ளி இது ஏறவே ஏறாது, பார்த்துக்க" என்று சொல்லி, மைக்ரோமீட்டரையும் இரவல் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும், சாப்பிட்டுவிட்டு மாட்டலாமே என்று அக்கா வழக்கம்போல் பிடித்து உட்கார வைத்தாள். ஷாஃப்ட்டைப் பட்டறை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டான். அக்கா பரிமாறுவதும் உள்ளே போவதுமாக இருந்தாள்.

கை கழுவி வந்து பேரிங்கை வைத்து விரலால் தள்ளினான். சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மைக்ரோமீட்டரை எடுத்து ஷாஃப்ட்டை அளந்தான். குறைந்திருந்தது. மைக்ரோமீட்டரை ஊதித் துடைத்து அளந்தான். அப்போதும் குறைவுதான். சோறு தின்னும் நேரத்தில் மனிதன் பெருப்பான், இரும்பு இளைக்குமா? வெயிலோ, செய்வினையோ, தன் கண்ணோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் மாமா வெளி மெக்கானிக்கின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா கதவோரம் வந்து, அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்: "மாட்டுறதுக்கு நீ கஷ்டப்படக் கூடாதேன்னு ஒவ்வொரு தடவையும் நான்தானேடா உப்புத்தாள் போட்டு இழைச்சு வெக்கிறேன், மாமா உன்னைத் துரத்திடக் கூடாதேன்னு இன்னைக்குக் கொஞ்சம் கூடவே தேய்ச்சேன்."