ஜாங்கிரிக் கடையில் நிற்காத ஜீப்

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் ஜீப்பை நின்ற இடத்தில் இன்ஜின் அணையாமல் நிற்க வைக்கிறேன், இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சபதம் செய்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சசிகலா நிமிர்ந்து பார்த்தாள்.

"மீசைய எடுத்தா ஜீப்பு நிக்குமா?"

மனைவி என்றால் இப்படித்தான். சபதத்துக்கு ஒரு மரியாதை கிடையாது.

ஜீப் ராணுவ ஏலத்தில் எடுத்தது. ஏரிக்கரை, கரம்பு, உழுத நிலம், எதில் விட்டாலும் ஏறி இறங்கும். இந்த 1991-ல் ஒரகடத்துப் பக்கம் ரோடு என்று சொல்லிக்கொள்கிறார்களே, அதில்கூட ஓடும். நிற்பதில்தான் தகராறு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு இருமல், ஒரு விக்கல், அப்புறம் மௌன அஞ்சலி. செல்ஃப் ஸ்டார்ட்டர் ஏலத்துக்கு முன்பே காலமாகிவிட்டது. அணைந்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

நானோ மறைமலை நகரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் இன்ஜின் டெஸ்டிங் சூப்பர்வைசர். ஊரான் இன்ஜினுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன்.

அவமானத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது கோபால் கடை. தினமும் நான் ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டும் நேரத்தில்தான் கோபால் ஜாங்கிரி பிழிவான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பை விட்டுவிடு என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதே வியாதியில் என் அண்ணனுக்கு ஒரு பாதமே போய்விட்டது. சசிகலா பயந்துபோய், கோபால் கடைப் படியை மிதிக்கமாட்டேன் என்று பெருமாள் சன்னதியில் என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

நான் மிதிக்கவில்லை. ஜீப் வாங்கிய முதல் வாரம், இன்ஜினை அணைக்காமல் கடை வாசலில் நிறுத்துவேன். கோபால் சீட்டுக்கே கொண்டுவந்து தருவான். கால் படியில் படவே இல்லை. பெருமாளுக்குச் சட்டம் தெரியும்.

அடுத்த வாரம் இருமல் ஆரம்பித்தது. கடை முன்னால் நிறுத்தினால் அணையும். தள்ள நாலு பேர் வருவார்கள். நாலு பேரில் ஒருவன் எங்கள் ஊர்க்காரன். நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி சசிகலாவிடம் போய்ச் சேரும். அதனால் வேகம் குறைக்காமல் கோபாலுக்குக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். ஜாங்கிரி வாசனை மட்டும் கொஞ்ச தூரம் கூட வரும்.

தினமும் காலையில் பழுது பார்த்தேன். பிளக்கைத் துடைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். ரப்பர் குழாயில் காற்று கசிகிறதா என்று தடவினேன். கடைசியில், வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகினால் இன்ஜின் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுருதியில் நிற்கும். குளித்துவிட்டு வந்து கிளம்பினால் மறுபடி இருமல்.

"சும்மா நிக்கத் தெரியாத வண்டியா கீதே சார்" என்றார் பக்கத்து வீட்டுக் கோதண்டம், ஜீப்பைத் தள்ளிக்கொண்டே.

"இவர்கிட்ட ட்ரெயினிங் எடுக்கட்டும்ண்ணே. சும்மா நிக்கறதுல இவர அடிச்சிக்க ஆள் கெடையாது" என்றாள் சசிகலா.

"திருஷ்டிம்மா. ஊர்ல ஜீப்பு வெச்சிக்கினு கீறது இவர் ஒருத்தர்தான்."

"அதுக்குத்தான தினம் கற்பூரம் காட்றேன்."

உண்மைதான். இருமல் வந்த வாரத்திலிருந்து அவளே பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் என்னை அனுப்புவாள். அதுவரை நான் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடிப் பெருமாளை நினைக்க வேண்டும். இன்ஜினுக்காக இப்படி உருகும் மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை டாக்டரிடம் போனேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, எப்படி என்று கேட்டார்.

"மன உறுதி, டாக்டர்" என்றேன்.

வரும் வழியில் மனம் உறுத்தியது. என் உறுதியாவது மண்ணாவது. காலைக் காப்பாற்றியது இந்த ஓட்டை ஜீப். வீட்டுக்கு வந்ததும் நானே அதற்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிடலாம் என்று பானெட்டைத் திறந்தேன். ஐட்லிங் ஸ்க்ரூவின் தலைப் பள்ளத்தில் குங்குமம் அப்பியிருந்தது.

"சசி, ஸ்க்ரூவுக்குள்ள குங்குமம் எப்படிப் போச்சு?"

"நாலணாவுல ஒட்டிக்கினு இருந்திருக்கும்."

"நாலணா இன்னாத்துக்கு?"

"கைல திருப்புனா நகம் ஒடையுதுங்க. ஆரத்தித் தட்டுல போடற நாலணா கரெக்டா உக்காருது."

"உனக்கு யார் இத சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான். தட்டுல சோறு போட்டா சாம்பாராலயே கார்புரேட்டர் வரைஞ்சி காட்டுவீங்களே. இந்த ஸ்க்ரூவ அரைச் சுத்து எடதுபக்கம் விட்டா, நிறுத்துன எடத்துல இன்ஜின் அணைஞ்சிரும்னு. சட்டையில ஜாங்கிரிப் பாகு ஒட்டிக்கினு வந்தீங்களே, அன்னிக்கு அது ஞாபகம் வந்துது."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தினமும் என் லெக்சரை ஒரு ஜீவன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. கேட்டு, என் காலைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் வீட்டில் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன்.

"உன்னாலதான் சசி நான் ரெண்டு கால்ல நிக்கறேன். ரொம்ப நன்றி."

அவளுக்கும் கேட்டுப் பழக்கமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலணாவை எடுத்து ஸ்க்ரூவை அவளே வலதுபக்கம் திருப்பினாள். கோதண்டம் தள்ளிக் கிளப்பிவிட்டதும் இன்ஜின் நின்ற இடத்திலேயே சுருதி பிசகாமல் ஓடியது.

"இனிமே உங்கள நம்பறேன். வாங்க, கூட்டு ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்."

கூட்டு ரோட்டில், "இங்க நிறுத்துங்க" என்றாள். கோபால் கடை. நிறுத்தினேன். இன்ஜின் அணையவில்லை.

"ஒரு ஜாங்கிரி குடுப்பா" என்றாள் கோபாலிடம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்க்கரை இறங்கியதற்குப் பரிசாக ஒன்றே ஒன்று, அதுவும் அவள் கையால். என்ன மனசு! இலையோடு சூடாக வந்தது. வாயைத் திறந்துகொண்டு அவள் பக்கம் திரும்பினேன். சசிகலா பாதியைப் பிட்டு, ஊதி, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்ஜின அணைச்சிடாதீங்க" என்றாள் விரலை நக்கிக்கொண்டே. "இன்னொண்ணு சொல்லியிருக்கேன்."