சாய்ந்த எழுத்து

இது நடந்தது தொண்ணூற்றேழிலா, தொண்ணூற்றெட்டிலா என்று எனக்கு உறுதியில்லை. கோபாலசாமி ஒருவிதமாகச் சொல்வார். அவர் மனைவி கண்மணி வேறுவிதமாகச் சொல்வார். இர்விங் நகரில் அவர்கள் அபார்ட்மென்ட்டில்தான் நடந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை.

கோபாலசாமியின் மேனேஜர் ஃபர்ஹாத் வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஈரானை விட்டுக் கிளம்பும்போது அவருடைய அப்பா கொடுத்த தாள் ஒன்று அங்கே இருந்தது; பழைய சித்திர ஆல்பத்திலிருந்து எடுத்து ஃபிரேம் போட்டது, அழகான பாரசீக எழுத்து. வேலை முடியும்வரை வைத்திருக்கும்படி அதைக் கோபாலசாமியிடம் ஒப்படைத்தார். கோபாலசாமியின் கிரீன் கார்டுக்கான கடிதத்தில் திங்கட்கிழமை கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான்.

"ஏனுங்க, எழுத்தெல்லாம் ஒருபக்கமா சரிஞ்சு கெடக்குது?" என்றார் கண்மணி.

உண்மைதான். வரிகள் மூலைவாட்டில் ஏறிப்போயின.

"அவர் வீட்டுல நேராத்தான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

"ஃப்ரீவேல அந்த ஓட்டு ஓட்டுனா? உள்ள பேப்பர் நழுவிருச்சுங்க. இனி கையெழுத்து போட்டாப்புலதான்!"

கோபாலசாமி ஃபிரேமையே சாய்த்து மாட்டினார். வரிகள் நேராயின. ஃபிரேம் ஆணியிலிருந்து விழுந்து கண்ணாடி உடைந்தது.

கண்ணாடி மாற்றுவதற்காகப் பின்அட்டையைப் பிரித்தார். தாளின் மறுபக்கத்தில் ஒரு சிறிய இந்திய ஓவியம்: மரத்தடியில் வீணையோடு ஒரு பெண், அருகில் மான், இலை இலையாகத் தீட்டிய மரம்.

"இத்தனை அழகான படத்தை உள்ள ஒளிச்சுவெச்சு, எழுத்தை வெளிய காட்டுவாங்களா? ஃபிரேம் போட்டவன் திருப்பிப் போட்டுட்டான்" என்றார் கண்மணி.

"நமக்கெதுக்கு வம்பு?"

"சரிபண்ணிக் குடுத்தா சந்தோசப்படுவாருங்க. திருப்புங்க!"

திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஹாத் தன் மனைவி மஹ்னாஸுடன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எழுத்து எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

கோபாலசாமி கார் ஓட்டியதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"கோபால், அதைச் சாய்வாகத்தான் எழுதுவார்கள்."

"முடிஞ்சுது. ஊருக்கு டிக்கெட் போட்டுருங்க" என்றார் கண்மணி தமிழில், சிரித்த முகம் மாறாமல்.

ஃபர்ஹாத் படத்தின் எதிரில் உட்கார்ந்தார். ஏசி நின்று மறுபடி ஓடத் தொடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபாலசாமி மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியங்கள் யோசித்து, மூன்றையும் விழுங்கினார்.

மஹ்னாஸ் கணவரின் தோளில் கை வைத்தார்.

"புரட்சிக்காரர்கள் பெண் படத்தைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து உங்கள் அப்பாவே இதைத் திருப்பி மறைத்திருக்கிறார். நீங்கள் இந்தப் படத்தை விற்றுத் தின்றுவிட்டீர்கள் என்றுதானே உங்கள் அக்கா இத்தனை வருஷமாகப் பேசவில்லை?"

கடிதத்தில் திங்கட்கிழமையே கையெழுத்து விழுந்தது. அந்த வாரக் கடைசியில் அக்கா ஹூஸ்டனிலிருந்து வந்து தம்பி வீட்டில் சாப்பிட்டார். கோபாலசாமியும் கண்மணியும் இப்போது பிளேனோவில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.