கனடா அக்காவும் தக்கலைப் பேருந்தும்

எந்தச் சண்டையையும் ஒரு தீவை வைத்தே ஜெயிக்கக்கூடியவர் உலகத்தில் எங்கள் கனடா அக்கா ஒருவர்தான்.

முட்டத்திலிருந்து இரணியல் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்பவர். மகளின் பிரசவத்துக்காகக் கனடாவிலுள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவுக்குப் போய்வந்தார். அதோடு சொந்தப் பெயர் போயிற்று. தக்கலை அலுவலகத்துக்குப் போகும் எனக்குத் தினமும் பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை. அந்தத் தீவில் பிறந்தவர்களுக்குக்கூட என் அளவுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்காது.

"ஒரு மாகாணமே தீவாக்கும், மக்களே. மண்ணு நம்ம முட்டத்து மண்ணு மாதிரி செவப்பு. வயலு பூரா உருளக்கிழங்கு, கடலு பூரா சிங்கிறால். பனிக்காலத்துல கடலே உறைஞ்சி போவும்."

கடல் உறையும் என்பதை ஊர் நம்பவில்லை. "அப்பம் மீனு என்ன செய்யும்?" என்று பெட்டிக்கடைக்காரர் சிரித்தார்.

"மேலதான் வே ஐஸு, கீழ தண்ணி கெடக்கும். உம்ம தலை மாதிரி இல்ல, உள்ள சரக்கு உண்டு."

ஒருநாள் புதிதாக வந்த நடத்துனர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் கூடையெல்லாம் ஏத்த முடியாது, இறங்கு" என்றார். அக்கா இறங்கவில்லை. படியிலேயே கூடையை வைத்து உட்கார்ந்துவிட்டார். வண்டி நகரவில்லை.

"அந்தத் தீவுல மீன்காரி வந்தா முதலமைச்சரே எழும்பி நாற்காலி குடுப்பாரு. மீனு இல்லேன்னா மாகாணத்துக்கே கஞ்சி கெடையாது. எனக்கு டிக்கெட்டு தா. நாத்தம் பிடிக்கலேன்னா நீ இறங்கு."

நடத்துனர் திகைத்து என்னைப் பார்த்தார். "உண்மைதான் சார், நான் படிச்சிருக்கேன்" என்றேன். எங்கேயும் படிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு நர்ஸ் நடத்துனரிடம், "மத்தியானம் மீன்கறி இல்லாம உங்களுக்குச் சோறு இறங்குமா?" என்று கேட்டார். பேருந்து முழுக்கச் சிரித்தது. நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து விசில் ஊதினார். அக்கா கூடையோடு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

போன வாரம், மகள் அங்கேயே வந்துவிடச் சொல்வதாகச் சொன்னார்.

"போறீங்களாக்கா?"

"எப்படிப் போவேன்? அங்க எல்லாவனும் நல்லவனா இருக்கான். சண்டை போட ஒருத்தன் கெடையாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.