ஹார்ட் டிஸ்க்கில் சமபாகம் வைத்த படலம்

வாழ்க, பாறசாலைச் சந்திப்பில் அக்கா சிஜி நடத்தும் இணைய சேவை மையத்தின் பின்னறையில், பழங்கணினி ஒன்றைக் கொத்தளமாக்கி, யூனிக்ஸ் மந்திரம் ஓதி, இணையவழி வரும் கள்ளத் தரவுப்பொதிகள் நுழையாவண்ணம் ஃபயர்வால் எழுப்பிய கோட்டைக்காவலன், கேபிள்மாலை சூடிய தோளினன், கட்டன்சாயா வேட்கையன், ரெத்தினதாஸ் பெற்ற ஜெனில்!

அறமே அவனுக்குப் பகையாயிற்று. ரப்பர் தோட்டத்தைச் சித்தப்பன்மார் பாகம்வைத்தபோது, கிணறு ஒருவருக்கும் கிணற்றுக்குப் போகும் வழி இன்னொருவருக்குமாய் விழ, அதன்பின் மூண்ட பெரும்போரைக் கண்ணாரக் கண்டவன், தன் கையால் பிரிக்கும் எதையும் சமமாகவே பிரிப்பேன் எனச் சூளுரைத்திருந்தான். ஆகவே ஹார்ட் டிஸ்க்கைக் கூறிட்ட நாளில் ரூட், டெம்ப், ஹோம், வார் என்னும் டிஸ்க் பகுதிகளாம் உடன்பிறந்தார் நால்வருக்கும் இம்மி பிசகாமல் சமபாகம் தந்தான். சிஜி அன்றே கேட்டாள்.

"எலே, ஆளு தாமசிக்காத ஹோமுக்கு எதுக்குலே இத்தற எடம்?"

"நியாயம்ணா நியாயமாக்கும் அக்கா. நாளைக்கு ஒருத்தனும் கேஸுக்குப் போவப்பிடாது."

ஆட்களின் கோப்புகள் குடியிருக்கவேண்டிய ஹோம், குடியேற ஆளின்றிப் பொட்டல்வெளியாய்க் கிடந்தது. வந்துபோகும் பொதிகளின் பெயரையெல்லாம் எழுதிக் குவிக்கும் வாரோ, ஐப்பசித் துலாமழையில் நெய்யாறெனப் பெருகி, கரைமுட்டி, இனி ஓரெழுத்துக்கும் இடமின்றித் திணறினான். எழுதப்படாத பொதி எதுவும் நுழையலாகாது என்பது ஜெனில் இட்ட ஆணை. கோட்டை அதைக் காத்தது. மையத்தில் இணையம் அவிந்தது.

அவிந்த வேளை, மகள் நீதுவின் நர்சிங் விண்ணப்பத்தோடு ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ் மாறி வந்த விலாசினி, பின்னறை வாசலில் நின்றார். அன்றே கடைசி நாள்.

"மக்கா, போன வருசமும் பிள்ளைக்கு சீட்டு கிட்டாமப் போச்சு. அஞ்சு மணிக்கு அப்ளிகேஷன அடைச்சிருவினுமாக்கும்."

எழுந்தான் ஜெனில். விசைப்பலகை வில்லாக, விரல்கள் கணையாக, குவிந்த பதிவுகளின் மாமலையை ஒரே கட்டளையில் அழித்தான். அழித்து, வெற்றிச்செருக்கோடு இடத்தை அளந்தான். அந்தோ, வார் முன்போலவே நிறைந்திருந்தான்! தலையிழந்தும் களத்தில் ஆடும் கவந்தம்போல், அழிந்த கோப்பு அழியாதிருந்தது. மீண்டும் அளந்தான், வியர்த்தான், கட்டன்சாயா ஆறியது, கடிகாரமுள் ஐந்தை நோக்கிக் குதிரைப்படையெனப் பாய்ந்தது. வாசலில் விலாசினி கண்ணை மூடி எந்தெந்தத் தெய்வத்தையோ அழைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவன் நெஞ்சில் மின்னல் வெட்டிற்று. பதிவெழுதும் நிரல் அந்தக் கோப்பை இன்னும் இறுகப் பிடித்திருந்தது. பிடி தளராதவரை இடமும் திரும்பாது. விடுவானா வீரன்? அந்நிரலின் கழுத்தைத் திருகி வீழ்த்தி, மறுகணமே உயிர்கொடுத்து எழுப்பினான். வார் வெறுமையானான், கோட்டைக்கதவம் அதிர்ந்து திறந்தது, தடைபட்டிருந்த பொதிகள் வெற்றிமுரசு கொட்டிப் பாய்ந்தன, சிஜியின் திரைகளெல்லாம் ஒருங்கே ஒளிர்ந்தன, விண்ணப்பப் பக்கம் செந்தாமரையென மெல்ல விரிந்தது.

கடைசித் தேதியை அடுத்த வெள்ளிக்கிழமைவரை நீட்டியிருந்தார்கள்.